மக்களாட்சியின் கீழ்ப்படி: மலாக்கா தோட்டப்புறத்திலிருந்து ஒரு மதிப்பீடு

அரசியல் அறிவியலைக் கற்கத் தொடங்கும் மாணவருக்கு மக்களாட்சி, ஊடகம், பன்னாட்டு உறவு ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்களாகவே அறிமுகமாகின்றன. நாட்டுக்குள் அதிகாரம் யாரிடமிருந்து பிறக்கிறது என்பதை முதலாவது பாடமும், அந்த அதிகாரத்தின் செயலை மக்கள் எவ்வாறு அறிந்துகொள்கிறார்கள் என்பதை இரண்டாவதும், நாடுகள் தமக்குள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை மூன்றாவதும் விளக்குகின்றன. பாடத்திட்டத்துக்கு இந்தப் பிரிப்பு வசதியானதுதான். ஆனால் மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் சிம்பாங் அம்பாட்டையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் சிற்றூர்களையும் எடுத்துக்கொண்டு அவற்றின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியதே இல்லை என்பதும், அயல்நாட்டுத் தகராறு ஒன்றின் பெயரால் நிறுத்தப்பட்ட உள்ளூர்த் தேர்தல் இன்றுவரை திரும்பாமல் இருப்பதே இவ்வட்டாரத் தமிழரின் குடிமை வாழ்வில் உள்ள பெருங்குறை என்பதும் தெளிவாகும்.

இறையாண்மை என்னும் கருத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். ஒரு நிலப்பரப்பில் சட்டம் இயற்றவும் வரி விதிக்கவும் இறுதி அதிகாரம் யாருக்கு உண்டோ, அவரிடமே இறையாண்மை இருப்பதாக அரசியல் அறிவியல் கொள்கிறது. 1824ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று லண்டனில் கையெழுத்தான ஆங்கிலேய–டச்சு ஒப்பந்தம் மலாக்காவை ஆங்கிலேயருக்கும் சுமத்திராவிலிருந்த பென்கூலனை டச்சுக்காரருக்கும் மாற்றிக் கொடுத்தபோது, சிம்பாங் அம்பாட்டை அடுத்த நானிங் பகுதி மக்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. நானிங்கும் மலாக்காவைச் சேர்ந்ததே என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது; நானிங்கின் தலைவர் டோல் சாயிட் மறுத்தார். 1831இல் அனுப்பப்பட்ட முதல் படை தோற்றுத் திரும்ப, மறு ஆண்டு வந்த பெரும்படை காட்டை வெட்டிச் சாலை அமைத்துக்கொண்டே முன்னேறி, நானிங்கின் தலைமையிடமான தாபோவைக் கைப்பற்றியது. அந்தப் படைகளில் மதராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் பெருவாரியாக வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தென்னிந்தியர் இந்த மண்ணில் ஒரு பேரரசின் கருவியாக நின்றிருக்கிறார்கள்.

தொழிலாளர் வருகையும் பன்னாட்டுச் சந்தையின் விளைவுதான். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரானது மலாக்காவில். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் அதை நட்டார். அதன்பின் ஐரோப்பிய முதலீடு பெருகி, கங்காணிகள் வழியாகத் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்ப்பு விரிவடைந்தது. லயங்கள் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் குடியேறிய இம்மக்களுக்கு வாக்குரிமை இல்லை, எனினும் அவர்களைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் இந்திய அரசாங்கம் மலாயாவில் தன் முகவர் ஒருவரை அமர்த்தியது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தர அனுப்பப்பட்டார். 1938இல் ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகத் தோட்ட முதலாளிகள் குறைத்தபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதம் தடை செய்தது. பன்னாட்டு உறவியலில் ஓர் அரசு தன் எல்லைக்கு வெளியே வாழும் தன் மக்களுக்காகப் பேசுவதைத் தூதரகப் பாதுகாப்பு என்பர். பசிக்கும் கூலிக்கும் நடுவே நின்ற மக்களுக்கு அது ஓரளவு உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் தமக்காகப் பேசுவோரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லாததால், அந்தப் பாதுகாப்பு எப்போது வரும், எப்போது போகும் என்பது டில்லியிலும் லண்டனிலும் முடிவாயிற்று.

அந்த உரிமையை மக்களின் கையில் கொடுக்கும் ஆட்சிமுறையே மக்களாட்சி. அதன் குறைந்தபட்ச வரையறை, ஆள்வோரை ஆளப்படுவோர் குறித்த காலத்துக்கு ஒருமுறை சுதந்திரமான போட்டித் தேர்தலில் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் ஆகும். இதற்கு முன்நிபந்தனை, யார் குடிமக்கள் என்பது தீர்மானமாகியிருப்பது. மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் 1955 ஜூலையில் நடந்தபோது வாக்காளரில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்களாகவும், இந்தியர் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவும் இருந்ததற்குக் காரணம், தோட்டங்களில் வாழ்ந்த பெரும்பாலோர் இன்னும் குடியுரிமை பெறாததே. 1957 ஆகஸ்ட் 31க்குப் பின் மண்ணில் பிறந்தோர் குடியுரிமை பெற வழி பிறந்தும், பத்திரம் இல்லாதோர், விண்ணப்பிக்கத் தவறியோர், கல்வியறிவு குறைந்ததால் அலுவலகப் படியேறத் தயங்கியோர் எனப் பலர் நெடுங்காலம் வெளியே நின்றனர். குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய உரிமம் தேவை என்று 1968இல் சட்டம் வந்தபின் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே திரும்பினார்கள். வாக்காளர் பதிவு தானாகவே நடக்கும் முறையும் 18 வயதில் வாக்குரிமையும் 2019ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 2021 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன.

வாக்குரிமை கிடைத்தபின், அது எந்தக் கணக்கில் இடங்களாக மாறுகிறது என்ற கேள்வி எழுகிறது. மலேசியா பின்பற்றுவது, ஒரு தொகுதியில் மற்ற எவரைக் காட்டிலும் அதிக வாக்கு பெற்றவர் வெல்லும் எளிய பெரும்பான்மை முறை. ஒரே வட்டாரத்தில் செறிந்து வாழும் சிறுபான்மையினருக்கு இம்முறை கைகொடுக்கும். சிதறி வாழ்வோரைக் கைவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி குடிமக்களில் 6.7 விழுக்காடாக உள்ள மலேசிய இந்தியர், மக்களவையின் 222 தொகுதிகளில் ஒன்றில்கூடப் பெரும்பான்மையாக இல்லை. தொகுதிகளுக்கிடையே வாக்காளர் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபடுகிறது: 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தபோது, சரவாக்கின் ஈகானில் சுமார் 28,000 பேர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மலேசிய இந்தியர் பெரும்பாலும் மக்கள் நெருக்கம் மிகுந்த மேற்குக்கரை மாநிலங்களில் வாழ்வதால் இந்த ஏற்றத்தாழ்வின் பாரம் அவர்கள்மீதும் விழுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பக் கையாளப்பட்ட வழி, இனவாரிக் கட்சிகளின் தலைவர்கள் ஒரு கூட்டணிக்குள் இடங்களையும் பதவிகளையும் பேசிப் பங்கிட்டுக்கொள்வது. அரென்ட் லைப்ஹார்ட் என்னும் அரசியல் அறிஞர் இத்தகைய ஏற்பாட்டை அதிகாரப் பகிர்வு மக்களாட்சி என்று வகுத்து, மலேசியாவையும் அதற்கு ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார். 1946இல் தொடங்கப்பட்ட மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.; அன்று மலாயா இந்தியர் காங்கிரஸ்), வீ. தி. சம்பந்தன் தலைமையேற்ற 1955 முதல் இந்தக் கணக்கில் உறுதியாக இடம்பெற்றது. தோட்டத்துத் தமிழருக்கு அமைச்சரவையில் ஒரு குரல் கிடைத்தது என்பது இந்த ஏற்பாட்டின் உண்மையான நன்மை. அதன் குறையும் அதே இடத்தில் இருக்கிறது: கூட்டணித் தலைமை ஒதுக்கிய தொகுதியில் பிற இனத்தாரின் வாக்குகளால் வெல்லும் பிரதிநிதி, தன் சமூகத்துக்கு முன்னதாகத் தன் கூட்டணிக்கே பதில் சொல்ல வேண்டியவராகிறார். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமைகள் நடவடிக்கைக் குழுவான இண்ட்ராப் அழைப்பில் திரண்ட கூட்டமும், 2008 மார்ச்சில் ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி மக்களவையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்ததும் இந்தக் குறை முற்றியதன் அறிகுறிகள். அந்தப் பேரணி பிரிட்டிஷ் அரசியாருக்கு மனு கொடுக்கவே கூட்டப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. நாட்டுக்குள் தம் குறையைக் கேட்பார் இல்லை என்று கருதிய மக்கள், தங்கள் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய பழைய பேரரசின் வாசலில் முறையிடப் புறப்பட்டார்கள்.

மக்களாட்சியை மேல்தளங்களில் மட்டும் அளப்போர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கூட்டாட்சி என்பது மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி என அடுக்கடுக்காக அமைவது. குடிமகனின் அன்றாடத்தைத் தொடுவது இவற்றில் கடைசியானது. மலேசியாவில் மூன்றாம் அடுக்கிலும் ஒரு காலத்தில் தேர்தல் நடந்தது. 1951இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கி நகரங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் பரவிய அந்தத் தேர்தல்களை, இந்தோனேசியா மலேசிய உருவாக்கத்தை எதிர்த்து நடத்திய மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சில் அரசு நெருக்கடிக்கால விதிகளால் நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதியளித்தார். 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன; தேர்தல் திரும்பவில்லை.

அதே 1965இல், சில நகராட்சிகளைப் பற்றி எழுந்த முறைகேட்டுப் புகார்களை ஒட்டி, ஊராட்சி அமைப்புகளின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். 1968 டிசம்பரில் முடிந்து 1971இல் வெளியான அவ்வறிக்கை, குறைகளை மறைக்காமல் எடுத்துக்காட்டியபின்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த ஒருவர், கூட்டணிக்குச் சங்கடம் தரக்கூடிய முடிவைச் சான்றுகளின் வழியே எட்டி அதை எழுதிவைத்தது, மலேசியத் தமிழரின் அரசியல் வரலாற்றில் மிகுந்த பெருமைக்குரிய செயல்களுள் ஒன்று. பள்ளிகளிலும் மேடைகளிலும் அது உரிய அளவில் நினைக்கப்படாதது வருந்தத்தக்கது. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தன் 15ஆம் பிரிவில் உள்ளூர்த் தேர்தல் தொடர்பான விதிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆம் பிரிவு, 8க்குக் குறையாமலும் 24க்கு மேற்படாமலும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்றும், அவர்களில் பெரும்பாலோர் அவ்வட்டாரவாசிகளாகவும் நிர்வாக அனுபவமோ தொழில்துறைச் சிறப்போ தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் தகுதியோ உடையவர்களாகவும் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. அலோர் காஜா நகராண்மைக் கழகம் இன்று இயங்குவது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

தோட்டத்துத் தமிழருக்கு இதன் பொருள் என்ன என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஊராட்சித் தேர்தல் நடந்த காலத்தில்கூட அவர்களில் பெரும்பாலோருக்கு அதில் பங்கில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அதற்குள் இருந்த சாலை, தண்ணீர்க் குழாய், லயம், வடிகால், குழந்தைகள் காப்பகம் அனைத்தும் நிர்வாகத்தின் பொறுப்பு; எழுத்தரான கிராணியிடமும் மேலாளரான துரையிடமும் சொல்லிக் காரியம் பெறுவதே அங்கு அறியப்பட்ட அரசியல். கிராமப்புற மேம்பாட்டுக்கு அரசு ஒதுக்கிய பணமும் அதே காரணத்தால் தோட்ட வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பின்னர் ரப்பர் செம்பனையாகவும், செம்பனை வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. முதன்முறையாக அவர்கள் வீட்டுவரி கட்டும் குடிகளானார்கள். தெருவிளக்கு, அடைத்த வடிகால், அங்காடிக் கடைக்கான உரிமம், சாலைக்குழி என்று எதைக் கேட்பதாயினும் இனி நகராண்மைக் கழகத்தைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கழகத்தில் அவர்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவரும் இல்லை. குப்பை வாருதலோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், அதை ஏற்ற மலாக்காவில் அந்தப் பணி மத்திய அமைப்பின் மேற்பார்வையில் உள்ள குத்தகை நிறுவனத்தின் கைக்குச் சென்றது. வரிக்கு ஈடாகப் பிரதிநிதித்துவம் என்பது மக்களாட்சிக் கோட்பாட்டின் முதற்பாடம்; டோல் சாயிட் வரி கொடுக்க மறுத்த அதே மாவட்டத்தில் அந்தப் பாடம் இன்னும் நிறைவேறவில்லை.

உள்ளூர்த் தேர்தலுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தை நேர்மையாக எடைபோட வேண்டும். நகரங்களில் ஓர் இனம் மன்றங்களைக் கைப்பற்றும், அதனால் இனப்பூசல் எழும் என்பது அது. 2018 டிசம்பரில் பிரதமர் மகாதீர் முகமதுவும் இதையே சொன்னார். 1969 மே 13 இனக்கலவரத்தைக் கண்ட நாட்டில் இந்த அச்சத்தைத் துச்சமென ஒதுக்குவது பொறுப்பாகாது. ஆனால் அலோர் காஜா போன்ற மாவட்டங்களில் மலாய்க்காரரே பெரும்பான்மையினர் என்பதால் அந்த அச்சத்துக்கு அங்கு அடிப்படையே இல்லை. அச்சம் உண்மையாகும் பெருநகரங்களிலும் வட்டார வாரியான தேர்தலோடு சிறுபான்மையினருக்குச் சில நியமன இடங்களைச் சேர்ப்பது போன்ற வழிகள் உள்ளன. பினாங்கு மாநிலம் 2012இல் தன் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்காததால், 15ஆம் பிரிவை நாடாளுமன்றமே திருத்தினாலன்றி வழி பிறக்காது என்பது உறுதியாயிற்று.

மேல்தளத்திலும் வாக்கின் வலிமை எளிதில் கரையக்கூடியது என்பதற்கு மலாக்காவே அண்மைக்காலச் சான்று. 2018 மே மாதம் 28 சட்டமன்ற இடங்களில் 15ஐ வென்று நம்பிக்கைக் கூட்டணி அமைத்த ஆட்சி, 2020 மார்ச்சில் உறுப்பினர்களின் கட்சித்தாவலால் கவிழ்ந்தது. 2021 அக்டோபரில் நால்வர் ஆதரவை விலக்கியதும் அடுத்த ஆட்சியும் ஆட்டம்கண்டு சட்டமன்றம் கலைந்தது. நவம்பர் 20 அன்று நடந்த தேர்தலில் தேசிய முன்னணி 21 இடங்களை வென்றது. கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. கோவிட் கட்டுப்பாடுகளால் பொதுக்கூட்டமும் வீடுவீடாகச் சென்று வாக்கு கேட்பதும் தடை செய்யப்பட்ட 2021 நவம்பர் தேர்தலில், பரப்புரை பெரும்பாலும் கைப்பேசித் திரைக்குள் நடந்தது.

ஊடகம் எந்தச் செய்தியைப் பெரிதாக்குகிறதோ அதையே மக்கள் முக்கியமென்று கருதத் தொடங்குவதை, 1972இல் மெக்கோம்ப்ஸ், ஷா என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நிகழ்நிரல் அமைத்தல் என்று விளக்கினார்கள். மலேசியத் தமிழ் ஊடகத்துக்கு இந்தக் கருத்து மிகவும் பொருந்தும். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ போன்ற ஏடுகள், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கச் சுற்றி நின்று பலர் கேட்ட காலத்திலிருந்தே, சிதறிக் கிடந்த தோட்டங்களை ஒரே சமூகமாக உணரவைத்தன. வானொலியின் தமிழ்ப் பிரிவு அதே பணியை லயத்து வாசல்களுக்குக் கொண்டுசென்றது. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் ஒவ்வோர் ஏடும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்று விதித்திருந்ததால், அரசுக்குச் சினமூட்டாத எச்சரிக்கை பத்திரிகைகளின் இயல்பாகவே ஆயிற்று. 2012இல் ஆண்டுப் புதுப்பிப்பு நீங்கியும் உரிமம் நீங்கவில்லை. ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. எஞ்சிய ஏடுகளில் கட்சித் தலைவர்களின் அறிக்கைகளும் தமிழக, இந்தியச் செய்திகளும் தாராளமாக இடம்பெறுகின்றன. நகராண்மைக் கழகத்தின் வரவுசெலவோ கூட்ட நடவடிக்கையோ அரிதாகவே அச்சேறுகிறது. தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாத இடத்தைப் பற்றிச் செய்தி எழுதவும் தூண்டுதல் இல்லாமல் போவது இயற்கை. செய்தி இல்லாத இடத்தில் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கையும் வலுப்பெறுவதில்லை.

மக்களாட்சி, ஊடகம், பன்னாட்டு உறவு மூன்றும் ஒரே முடிச்சில் சிக்கிய நிகழ்வு ஒன்றும் இதே மாவட்டத்தில் உண்டு. ம.இ.கா. நெடுங்காலம் போட்டியிட்டு வந்த காடேக் சட்டமன்றத் தொகுதியை 2018இல் ஜனநாயகச் செயல் கட்சியின் ஜி. சாமிநாதன் வென்று மாநில ஆட்சிக்குழு உறுப்பினரானார். 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின் கீழ்க் கைதானபோது அவரும் அவர்களுள் ஒருவர். இலங்கையில் 2009இல் போர் முடிந்து, மலேசியா அந்த இயக்கத்தை 2014இல் தன் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. அந்தச் சட்டத்தில் பிணை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று சாமிநாதனின் மனுவில் உயர்நீதிமன்றம் நவம்பரில் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் டோமி தாமஸ், தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று கூறி அனைவர்மீதும் வழக்கைக் கைவிட்டார். கடல் கடந்த ஒரு போரின் நினைவு, ஒரு பட்டியல், குற்றஞ்சாட்டப்பட்டோரின் கைப்பேசிகளில் இருந்த படங்கள் ஆகியவை சேர்ந்து, வாக்காளர் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பல மாதங்கள் சட்டமன்றத்திலிருந்து பிரித்து வைக்க முடிந்தது என்பது, பன்னாட்டு உறவு தொலைவிலுள்ள பொருள் என்று எண்ணுவோர் கருத வேண்டியது. 2021இல் அத்தொகுதி மீண்டும் ம.இ.கா. வசமாயிற்று.

வணிகமும் இதே வகையில் இவ்வட்டாரத்துக்கு வந்து சேர்கிறது. காஷ்மீர் பற்றியும் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றியும் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் கூறிய கருத்துகளுக்குப் பின், 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முந்திய ஆண்டில் மலேசிய எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியாவே. தலைவர்கள் அயல்நாட்டோடு பேரம் பேசும்போதே தம் நாட்டு மக்களோடும் பேரம் பேசுகிறார்கள் என்று ராபர்ட் பட்னம் 1988இல் விளக்கிய இருதளப் பேரத்தில், செம்பனைக் குலை வெட்டுபவரின் குரல் எந்தத் தளத்திலும் கேட்பதில்லை.

நாடாளுமன்றம் 15ஆம் பிரிவைத் திருத்தும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது சரியன்று. அதே ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலன்றி அதன் முழுக்கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்கிறது. குழுக் கூட்டங்கள் மட்டுமே அதற்கு விலக்கு. இதைப் பயன்படுத்தப் புதிய உரிமம் எதுவும் வேண்டியதில்லை. தமிழ் நாளேடு ஒன்றின் செய்தியாளர் அலோர் காஜா மன்றக் கூட்டத்தில் அமர்ந்து, எந்தத் தாமானின் வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, யாருடைய கடை உரிமம் எதனால் தள்ளிவைக்கப்பட்டது, சிம்பாங் அம்பாட் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் அன்று என்ன பேசினார் என்பதை மறுநாள் எழுத முடியும்.